வேதியியல் வாய்பாடு ஏன் தப்பாக வருகிறது? நோட்டில் தெரியும் அறிகுறியை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

போன வாரம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டை விரித்து என் முன்னால் வைத்தான். அலுமினியம் சல்பேட் என்று எழுதி, நேரே Al₂SO₄₃ என்று போட்டிருந்தான்.

“இதில் ஆக்சிஜன் எத்தனைடா?”

“பன்னிரண்டு சார்.”

“நீ நாற்பத்து மூன்று என்றல்லவா எழுதியிருக்கிறாய்?”

குனிந்து பார்த்தான், நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவனுக்கு இணைதிறன், அதாவது ஒரு தனிமத்தின் சேரும் திறனைச் சொல்லும் எண், தெரியும். எண்களைக் குறுக்கே மாற்றத் தெரியும், அதாவது ஒன்றின் இணைதிறனை மற்றதன் கீழே எழுதத் தெரியும். மொத்த ஆக்சிஜன் பன்னிரண்டு என்பதுகூடத் தெரியும். ஒரு ஜோடி அடைப்புக்குறி விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். அவனைப் போய் “இணைதிறன் பாடத்தை முதலிலிருந்து படி” என்று விரட்டினால், தலைவலி என்று வந்தவனுக்குக் காலில் கட்டுப் போட்ட கதையாகிவிடும். தப்பு எந்த வடிவத்தில் வருகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். அதனால் இங்கே பாடத்தின் வரிசையில் போகாமல் அறிகுறியின் வரிசையில் போகிறேன். உங்கள் நோட்டில் எது இருக்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பேனாவை வைக்கும் முன் ஒரு கேள்வி: இதில் உலோகமோ அம்மோனியமோ இருக்கிறதா? இருந்தால் அயனிச் சேர்மம், அதாவது மின்சுமை கொண்ட அயனிகள் சேர்ந்தது, என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பாடத்துக்கு இது போதும். அங்கே எண்கள் மின்சுமையிலிருந்து வரும், பெயரில் எண்ணிக்கை இருக்காது. இரண்டுமே அலோகம் என்றால் சகப்பிணைப்புச் சேர்மம், அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்தது. அங்கே எண்ணிக்கை பெயரிலேயே இருக்கும், சுமையைத் தேட வேண்டாம். நான் திருத்தும் தப்புகளில் பெரும்பகுதி, இந்த வழியில் போக வேண்டியவர் அந்த வழியில் போனதால் வருவதுதான்.

அறிகுறி: குறியீட்டிலேயே இடறுகிறது

பொட்டாசியத்துக்கு P, சோடியத்துக்கு S, இரும்புக்கு Ir. முதலாவது பாஸ்பரஸ், இரண்டாவது கந்தகம், மூன்றாவது இரிடியம் என்ற வேறொரு உலோகம். பெயரின் முதல் எழுத்தை வைத்து ஊகித்ததால் வந்த வினை. சில தனிமங்களின் குறியீடு லத்தீன் பெயரிலிருந்து வந்தது: நேட்ரியம் Na, கேலியம் K, ஃபெர்ரம் Fe, குப்ரம் Cu, அர்ஜென்டம் Ag, ஆரம் Au, ஸ்டானம் Sn, பிளம்பம் Pb, ஹைட்ரார்ஜிரம் Hg. பள்ளியில் அடிக்கடி வருபவை இந்த ஒன்பதுதான். இவற்றுக்குக் குறுக்குவழி கிடையாது, உருப்போட வேண்டியதுதான்.

அப்புறம் கையெழுத்து. CO என்றால் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த நச்சுவாயு. Co என்றால் கோபால்ட். குளோரினின் இரண்டாவது எழுத்தை வெறும் நேர்கோடாகப் போட்டால் அது 1 மாதிரி தெரியும், திருத்துபவர் அதை C₁ என்று படித்துவிடுவார். கீழே சின்னதாக வளைத்து விடுங்கள், வம்பில்லை.

அறிகுறி: குறுக்கே மாற்றியும் தப்பு என்கிறார்கள்

கால்சியத்தின் இணைதிறன் 2, ஆக்சிஜனுக்கும் 2. குறுக்கே மாற்றினால் Ca₂O₂. கணக்கு சரி, விடை தப்பு. அயனிச் சேர்மத்தில் தனித்தனி மூலக்கூறு என்று எதுவும் கிடையாது. சுட்ட சுண்ணாம்பின் ஒரு துணுக்கை எடுத்தால் அதில் கால்சியம் அயனிகளும் ஆக்சைடு அயனிகளும் மாறி மாறி, அணிவகுத்து, எண்ண முடியாத அளவுக்கு அடுக்கியிருக்கும். வாய்பாடு சொல்வது அவற்றின் மிகச் சிறிய விகிதத்தை மட்டும்தான். ஒன்றுக்கு ஒன்று, அதனால் CaO.

குறுக்கே மாற்றுவதைவிட மீச்சிறு பொது மடங்கு நல்லது என்பது என் கட்சி. அலுமினியம் 3, ஆக்சிஜன் 2, மீ.பொ.ம. 6. ஆறு நேர்சுமைக்கு எத்தனை அலுமினியம்? இரண்டு. ஆறு எதிர்சுமைக்கு எத்தனை ஆக்சிஜன்? மூன்று. Al₂O₃. கால்சியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இதையே செய்தால் மீ.பொ.ம. 2, ஒன்றும் ஒன்றும். சுருக்கும் வேலையே வராது. இணைதிறன் 4 உள்ள காரீயத்தோடு ஆக்சிஜனைச் சேர்த்தால் மீ.பொ.ம. 4, நேராக PbO₂ வந்து நிற்கும். குறுக்கே மாற்றியவர் Pb₂O₄ என்று எழுதிவிட்டுச் சுருக்க மறந்திருப்பார்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. சுருக்கச் சொல்லிக்கொடுத்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் சுருக்குவது. மருந்துக் கடையில் புண் கழுவ வாங்குகிறோமே, நுரைத்துக்கொண்டு வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அது H₂O₂. அதை HO என்று சுருக்கினால் அப்படி ஒரு பொருளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இங்கே இரண்டுமே அலோகம். உண்மையிலேயே இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் கோத்த ஒரு மூலக்கூறு இருக்கிறது. வாய்பாடு அந்த எண்ணிக்கையைச் சொல்கிறது. குளுக்கோஸ் C₆H₁₂O₆ என்பதை யாரும் CH₂O ஆக்குவதில்லை அல்லவா, அதே நியாயம்தான். NO₂ பழுப்பு வாயு, N₂O₄ நிறமற்றது. சுருக்கினால் ஒன்றை இன்னொன்றாக மாற்றிவிடுவீர்கள்.

உலோகம் இருந்தும் சுருக்கக் கூடாத இடங்களும் உள்ளன. சோடியம் பெராக்சைடு Na₂O₂. இதில் O₂²⁻ என்பது இரண்டு ஆக்சிஜன் ஒட்டிய ஒரே அயனி. மெர்க்குரஸ் குளோரைடு Hg₂Cl₂. அதில் இரண்டு பாதரச அணுக்கள் கைகோத்த Hg₂²⁺ அயனி இருக்கிறது. ஒட்டியிருப்பதைப் பிரிக்கக் கூடாது என்பதால்தான் சுருக்குவதில்லை.

அறிகுறி: அணுக்களை எண்ணினால் கணக்கு உதைக்கிறது

Al₂SO₄₃ பையனின் நோய் இதுதான். மக்னீசியம் ஹைட்ராக்சைடை MgOH₂ என்று எழுதுவதும் இதே வகை. அப்படி எழுதினால் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு என்று ஆகிறது. நமக்கு வேண்டியது OH என்ற பொட்டலம் இரண்டு.

பொட்டலம் என்றுதான் வகுப்பிலும் சொல்வேன். சல்பேட், நைட்ரேட், கார்பனேட், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு, அம்மோனியம் எல்லாம் கடையில் கட்டிக் கொடுத்த பொட்டலம். ஒன்று வாங்கினால் அப்படியே எடுத்துக்கொண்டு வரலாம், பை வேண்டாம்: NaOH, CaCO₃. இரண்டும் அதற்கு மேலும் வாங்கினால் பையில் போட்டு, எத்தனை என்று பைக்கு வெளியே எழுத வேண்டும்: Mg(OH)₂, Al₂(SO₄)₃, Ca₃(PO₄)₂. பொட்டலத்தைப் பிரித்து உள்ளே கை வைக்கக் கூடாது. SO₄-இல் இருக்கும் 4 உங்களுடையது அல்ல. அதைக் கூட்டவோ குறைக்கவோ சுருக்கவோ உங்களுக்கு உரிமையில்லை.

அம்மோனியம் சல்பேட் உரத்தில் பொட்டலம் முன்னால் வருகிறது: (NH₄)₂SO₄. எண்ணிப் பாருங்கள். நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4. இங்கே NH₃ என்று எழுதியிருந்தால் அம்மோனியாவையும் அம்மோனியத்தையும் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மோனியா மூக்கைத் துளைக்கும் வாயு, சுமை கிடையாது. அது ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டால்தான் NH₄⁺ என்ற அம்மோனியம்.

அறிகுறி: சல்பைடு கேட்டால் சல்பைட்டு எழுதுகிறேன்

தமிழ்வழியில் படிப்பவர்களுக்கே உரிய தொல்லை இது. நம் எழுத்தில் ‘ட’ ஒன்றுதான்; அது இடத்தைப் பொறுத்து மெலிந்தும் ஒலிக்கும், வலித்தும் ஒலிக்கும். நாடு, நாட்டு, காடு, காட்டு. இந்த ஒலி வேறுபாட்டில்தான் மூன்று சேர்மங்களின் தலைவிதி தொங்குகிறது.

‘காடு’ என்பதில் வரும் ‘டு’ போல மெலிந்தால் சல்பைடு: S²⁻, ஆக்சிஜனே கிடையாது. இரட்டித்து வலித்தால் சல்பைட்டு: SO₃²⁻. ‘ஏ’ ஓசை வந்தால் சல்பேட்: SO₄²⁻. சில கேள்வித்தாள்களில் வெறும் ‘சல்பைட்’ என்று புள்ளி வைத்து முடித்துவிடுகிறார்கள். அது எந்தச் சல்பைட் என்று அச்சடித்தவருக்கே வெளிச்சம். அப்படி வந்தால் கேள்வியில் வேறு துப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அமிலம் சேர்த்தால் அழுகிய முட்டை நாற்றம் என்றிருந்தால் சல்பைடு, ஏனென்றால் வருவது H₂S. எரியும் கந்தகத்தின் நெடி என்றிருந்தால் சல்பைட்டு, வருவது SO₂.

நைட்ரஜனிலும் இதே கதை: நைட்ரைடு N³⁻, நைட்ரைட்டு NO₂⁻, நைட்ரேட் NO₃⁻. பாருங்கள், சல்பேட்டில் ஆக்சிஜன் நான்கு, நைட்ரேட்டில் மூன்று. ‘ஏட் என்றால் நான்கு’ என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். ‘ஏட்’டுக்கும் ‘ஐட்டு’க்கும் உள்ள உறவு ஒப்பீடு மட்டுமே. ஒரே தனிமத்தின் இரண்டு அயனிகளில் ஆக்சிஜன் கூடியது ஏட், ஒன்று குறைந்தது ஐட்டு, சுமை மாறாது. குளோரினுக்கு நான்கு பேர் இருப்பதால் முன்னால் அடைமொழி போடுகிறார்கள்: ஹைப்போகுளோரைட்டு ClO⁻, குளோரைட்டு ClO₂⁻, குளோரேட் ClO₃⁻, பெர்குளோரேட் ClO₄⁻. ஹைட்ராக்சைடு OH⁻, சயனைடு CN⁻ இரண்டும் ‘ஐடு’ என்று முடிந்தாலும் இரண்டு தனிமம் கொண்டவை. விதிவிலக்கு என்று ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அயோடின் கலந்த உப்புப் பொட்டலம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் அயோடேட் என்று போட்டிருக்கும். அது KIO₃, KI என்று எழுதினால் அயோடைடு ஆகிவிடும். ஈரமும் வெயிலும் உள்ள ஊர்களில் அயோடைடைவிட அயோடேட்தான் உப்பில் நிலைத்து நிற்கும் என்பதால் அதைச் சேர்க்கிறார்கள். ஒரு எழுத்து மாறினால் பொருளே மாறும் என்பதற்கு அடுக்களையிலேயே சாட்சி.

இணையத்தில் தேடும்போது இலங்கைப் பாடநூல் கைக்குக் கிடைத்தால் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. அங்கே சோடியம் குளோரைட்டு என்றால் நம் சாப்பாட்டு உப்பு, NaCl. நமது ‘டு’ அங்கே ‘ட்டு’. நமது ஏட் அங்கே ‘ஏற்று’: சல்பேற்று, காபனேற்று. தனிமத்தை மூலகம் என்பார்கள், இணைதிறனை வலுவளவு என்பார்கள். இரண்டும் தமிழ்தான், ஒரே நோட்டில் கலந்து எழுதினால்தான் ஆபத்து.

இந்த முடிவெழுத்து அமிலத்திலும் தொடர்கிறது. ஏட் ‘இக்’ ஆகும், ஐட்டு ‘அஸ்’ ஆகும்: சல்ஃப்யூரிக் H₂SO₄, சல்ஃப்யூரஸ் H₂SO₃. ‘ஐடு’ என்றால் முன்னால் ஹைட்ரோ: ஹைட்ரோகுளோரிக் HCl. அயனியின் சுமை எவ்வளவோ அத்தனை ஹைட்ரஜன்.

அறிகுறி: வாய்பாடு சரி, பெயர் தப்பு

MgCl₂-ஐ மக்னீசியம் டைகுளோரைடு என்பவர்கள் இங்கே வாருங்கள். உலோகம் இருக்கிறது, எனவே பெயரில் எண்ணிக்கை வேண்டாம். மக்னீசியத்தின் சுமை எப்போதும் 2 என்பதால் குளோரைடு இரண்டு என்று சொல்லாமலே தெரியும். மக்னீசியம் குளோரைடு, முடிந்தது. மாங்கனீசு டைஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு என்றெல்லாம் காதில் விழுகிறதே என்று கேட்பீர்கள். வழக்கில் ஊறிப்போன பெயர்கள் அவை. அவற்றைப் பார்த்துப் புதுப்பெயர் உண்டாக்க வேண்டாம்.

இரண்டும் அலோகம் என்றால் எண்ணிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். கார்பன் ஆக்சைடு என்று மொட்டையாகச் சொன்னால் CO-வா CO₂-வா? ஒன்று ஆளைக் கொல்லும், இன்னொன்று சோடாவில் குமிழிவிடும். இங்கே இணைதிறனைக் குறுக்கே மாற்றிப் பார்த்தால் CO₂ மட்டும்தான் வரும், CO வரவே வராது. SO₂, SO₃ கதையும் அதுதான். அதனால் பெயரைக் கேட்டு எழுதுங்கள்: மோனோ ஒன்று, டை இரண்டு, ட்ரை மூன்று, டெட்ரா நான்கு, பென்டா ஐந்து. முதல் தனிமம் ஒன்றே ஒன்று என்றால் அதற்கு மோனோ போடுவதில்லை. இலங்கைப் பெயர்கள் இந்த இடத்தில் அழகு: காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு. ஈர் என்றால் இரண்டு, ஓர் என்றால் ஒன்று. பெயரைப் பிரித்தாலே வாய்பாடு.

இனி இரும்பு, தாமிரம், காரீயம், வெள்ளீயம். இவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுமை உண்டு. இரும்பு குளோரைடு என்று மட்டும் எழுதினால் அரை மதிப்பெண் போனது. இரும்பு(II) குளோரைடு FeCl₂, இரும்பு(III) குளோரைடு FeCl₃. ஜெர்மானிய வேதியியலர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இல் முன்வைத்த முறை இது. அந்த ரோமன் எண் உலோகத்தின் சுமை, அணுக்களின் எண்ணிக்கை இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் Fe₂O₃-இல் 2 தெரிகிறது என்று இரும்பு(II) ஆக்சைடு என்று எழுதுகிறார்கள். குறுக்கே மாற்றியதைத் திருப்பி மாற்றினால் கிடைத்துவிடும் என்று இன்னும் சிலர். Fe₂O₃-இல் அது கைகொடுக்கும், PbO₂-இல் கவிழ்த்துவிடும். காரீயம் 2 என்று வரும், உண்மையில் 4. ஏனென்றால் அது சுருக்கிய பிறகு வந்த வாய்பாடு. எப்போதும் ஆக்சிஜன் பக்கத்திலிருந்து எண்ணுங்கள்: ஆக்சைடு இரண்டு, ஒவ்வொன்றும் −2, மொத்தம் −4, அதை ஈடுகட்ட ஒரே ஒரு காரீயம், எனவே +4.

பழைய பெயர்கள் இன்னும் சாகவில்லை. இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் ஃபெரஸ் சல்பேட் என்றுதான் இருக்கும்: FeSO₄. அஸ் குறைந்த சுமை, இக் கூடிய சுமை, அவ்வளவுதான். ‘அஸ் என்றால் 2’ என்று மனப்பாடம் செய்தால் தாமிரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்: ஃபெரஸ் 2, குப்ரஸ் 1, ஃபெரிக் 3, குப்ரிக் 2.

அறிகுறி: எண்ணை எங்கே போடுவது என்றே தெரியவில்லை

ஒரு எண்ணுக்கு மூன்று இடங்கள். மேலே போட்டால் மின்சுமை, கீழே போட்டால் அணு எண்ணிக்கை, முன்னால் போட்டால் எத்தனை மூலக்கூறு. 2H₂O என்றால் இரண்டு நீர் மூலக்கூறு. அதை H₄O₂ என்று எழுத முடியாது. Na⁺Cl⁻ என்று சுமையோடு விடை எழுதுகிறவர்கள் கடைசி வரியில் அதை அழிக்க மறந்தவர்கள். கூட்டினால் சுழி என்றான பிறகு அந்தக் குறிகள் வெளியே தெரிய வேண்டாம்.

எண்ணை மேலே போட்டுத் திட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: இந்த எழுத்துக் குறியீடுகளை 1810-களில் வகுத்த ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ் எண்ணை மேலேதான் போட்டார். கீழே இறங்கியது பிற்பாடுதான். பரீட்சைத் தாளில் இதை வாதமாக வைக்காதீர்கள்.

இந்த அறிகுறியின் முற்றிய வடிவம், சமன்பாட்டைச் சமன் செய்யும்போது கீழே உள்ள எண்ணில் கை வைப்பது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் ஆவதை எழுதி, ஆக்சிஜன் ஒன்று குறைகிறதே என்று H₂O-வை H₂O₂ ஆக்கிவிடுவார்கள். கணக்கு சமனாகும், குடிக்கும் தண்ணீர் புண் கழுவும் மருந்தாகிவிடும். முன்னால் உள்ள எண்ணை மட்டும் மாற்றுங்கள்: 2H₂ + O₂ → 2H₂O.

அறிகுறி: நடுவில் ஒரு புள்ளி, பயமாக இருக்கிறது

மயில்துத்தம், CuSO₄·5H₂O. அந்தப் புள்ளி பெருக்கல் குறி இல்லை. ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுக்கும் ஐந்து நீர் மூலக்கூறு படிகத்தில் குடியிருக்கிறது என்று பொருள். பெயர் காப்பர்(II) சல்பேட் பென்டாஹைட்ரேட். சூடாக்கினால் நீர் வெளியேறி நீலம் போய் வெளுத்துவிடும், சொட்டு நீர் விட்டால் திரும்ப நீலம். சலவை சோடா Na₂CO₃·10H₂O, ஜிப்சம் CaSO₄·2H₂O. அணுக்களை எண்ணச் சொன்னால் நீரில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணுங்கள்: மயில்துத்தத்தில் ஆக்சிஜன் நான்கும் ஐந்துமாக ஒன்பது.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தேன், ஆனாலும் சுமை பின்னமாக வருகிறது

Fe₃O₄ எடுத்திருப்பீர்கள். ஆக்சிஜன் நான்கு, மொத்தம் −8. இரும்பு மூன்று, ஆளுக்கு 8/3. பின்னச் சுமையுள்ள அயனி எங்கும் கிடையாது, அதனால் உங்கள் கணக்கைச் சந்தேகிப்பீர்கள். கணக்கு சரிதான். காந்தக் கல்லில் இரும்பு ஒரே மாதிரி இல்லை: ஒன்று +2, இரண்டு +3. கூட்டினால் எட்டு. FeO-வும் Fe₂O₃-வும் சேர்ந்தாற்போல. இரும்புக் கம்பிகளுக்கு முதல் பூச்சாகப் பூசும் சிவப்புக் காரீயம் Pb₃O₄-உம் இதே சாதி. அங்கே இரண்டு காரீயம் +2, ஒன்று +4. அந்தப் பையனிடம் இதைக் கொடுத்தேன். சரியாகப் போட்டுவிட்டு, இங்கே அடைப்புக்குறி எங்கே சார் வரும் என்று கேட்டான்.